பிரிண்டர் இருப்பது போனுக்கு எப்படித் தெரிகிறது?

கேள்வி: வீட்டுக்கு ஒரு வைஃபை பிரிண்டர் வாங்கினோம். போனில் 'பிரிண்ட்' என்று தொட்டதுமே அதன் பெயர் வந்துவிட்டது. எந்த எண்ணையும் நான் கொடுக்கவில்லை. ஊரிலிருந்து வந்த தம்பிக்கு ரவுட்டரில் உள்ள 'கெஸ்ட்' வைஃபையைக் கொடுத்தேன். அவன் போனில் பிரிண்டர் வரவேயில்லை. பிரிண்டரின் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில நேரம் என் போனில் அதன் பெயர் தெரிகிறது. ஏன் இப்படி?
- வாசகி, ஈரோடு

பதில்: நீங்கள் 'பிரிண்ட்' தொட்டதும், "இங்கே அச்சிட்டுத் தருபவர் யார்?" என்று உங்கள் போன் வீட்டு வைஃபை முழுக்கத் தண்டோரா போடுகிறது. இதற்கென்றே 224.0.0.251 என்ற பொது முகவரியும் 5353 என்ற போர்ட்டும் ஒதுக்கப்பட்டுள்ளன. அந்தச் சேவை தரும் கருவிகள் மட்டும் பதில் சொல்லும். யாரிடம் என்ன இருக்கிறது என்று பட்டியல் வைத்திருக்க நடுவில் ஒரு சர்வர் தேவையில்லை. இந்த முறைக்குப் பெயர் எம்டிஎன்எஸ். ஆப்பிள் 2002-இல் தன் கணினிகளில் இதைக் கொண்டுவந்தது. 2013-இல் இது இணையத்தின் பொதுத் தரமாக வெளியானது.

அதற்கு முன்பே, 1999-இல், சன் நிறுவனம் 'ஜினி' என்றொரு ஏற்பாட்டை அறிமுகப்படுத்தியது. அதில் சேவைகள் எல்லாம் ஒரு பதிவேட்டில் பெயர் கொடுக்க வேண்டும், அடித்தளம் ஜாவா. அது வீடுகளுக்குள் வந்து சேரவில்லை.

"நான் இருக்கிறேன்" என்று பிரிண்டர் சொன்னால் மட்டும் வேலை நடக்காது. தன்னால் என்ன முடியும் என்றும் சொல்ல வேண்டும். அதன் பதிலில் பெயர், முகவரி, போர்ட் (அச்சுக்கு வழக்கமாக 631) ஆகியவற்றோடு கலர் உண்டா, தாளின் இரு பக்கமும் அச்சிடுமா, எந்த வகைக் கோப்பைப் படிக்கும் என்பதும் இருக்கும். கம்பெனி சிடி எதையும் போடாமலே உங்கள் போன் 'கலர்', 'இருபக்கம்' என்று கேட்பது இதனால்தான். கேட்பவரும் சொல்பவரும் சேவைக்கு ஒரே பெயரைப் பயன்படுத்த வேண்டும் என்பதால், ஐயானா என்ற அமைப்பு இப்பெயர்களுக்குப் பொதுப் பதிவேடு வைத்திருக்கிறது.

இனி தம்பியின் போன். இந்தப் பொதுக் கேள்வி ஒரு வலையின் எல்லைக்குள்ளேயே நின்றுவிடும்; ரவுட்டர் அதை அடுத்த வலைக்குக் கடத்தாது. 'கெஸ்ட்' வைஃபை பொதுவாகத் தனி வலை. ஆகவே தம்பியின் கேள்வி உங்கள் பிரிண்டரை எட்டவே இல்லை. இது கோளாறு அல்ல, பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு. விடுதி, அலுவலக வைஃபைகளிலும் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்காதபடி அடைத்து வைப்பது உண்டு.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெயர் தெரிவதற்குக் காரணம் நினைவு. ஒருமுறை கிடைத்த பதிலைப் போன் சேமித்து வைக்கும். சேவைப் பெயருக்குத் தரம் பரிந்துரைக்கும் ஆயுள் 75 நிமிடம். முறையாக அணைத்தால் "நான் போகிறேன், என்னை நீக்கிவிடு" என்று பிரிண்டரே சொல்லிவிட்டுப் போக முடியும். பிளக்கைப் பிடுங்கினால் அதற்கு வழியில்லை. அடுத்த முறை பிரிண்டரில் உள்ள பட்டனை அழுத்தி அணைத்துப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கண்டுபிடிப்பது வேறு, அனுமதி வேறு. இந்த முறை யாரிடமும் பாஸ்வேர்டு கேட்பதில்லை. உங்கள் முதன்மை வைஃபைக்குள் வந்தவர் எவரும் பிரிண்டரைப் பார்க்கலாம், பூட்டு இல்லையென்றால் அச்சும் எடுக்கலாம். எனவே பிரிண்டரின் அமைப்புப் பக்கத்துக்கு ஒரு பாஸ்வேர்டு வையுங்கள். வெளியிலிருந்து அச்சிடலாமே என்று ரவுட்டரில் 631-ஐ இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். தம்பி 'கெஸ்ட்' வைஃபையிலேயே இருக்கட்டும். அவருக்கு அச்சு வேண்டுமானால் கோப்பை உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி நீங்களே எடுத்துக் கொடுங்கள்.