மாதிரி ரொக்கெட்டின் பரசூட்டை மடிப்பது எப்படி?

மாதிரி ரொக்கெட் என்றதும் அது மேலே பாய்வதுதான் நம் கண்முன் வரும். ஆனால் அதைப் பழுதின்றிக் கீழே இறக்குவதே கடினமான வேலை. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் சப்பாத்துக் கடை நடத்திய ஓர்வில் கார்லைல், 1954இல் தம் சகோதரருடன் சேர்ந்து ஒரு மாதிரி ரொக்கெட்டை உருவாக்கினார். அதன் பெயர் 'ரொக்-ஏ-சூட்'. பெயரிலேயே பரசூட் ஒளிந்திருப்பதைக் கவனியுங்கள்.

மோட்டாரில் 'சி6-5' என்று அச்சிட்டிருந்தால், கடைசியிலுள்ள 5 தாமத நேரத்தைக் குறிக்கும். எரிபொருள் தீர்ந்து ஏறத்தாழ 5 செக்கன்களில், ரொக்கெட் உச்சியை அடையும் வேளையில், மோட்டாரின் மேல்முனையிலுள்ள சிறிதளவு மருந்து வெடிக்கும். அந்த வாயு மூக்குக் கூம்பையும் பரசூட்டையும் குழாயிலிருந்து வெளியே தள்ளும்.

அதே வாயுவின் சூடு மெல்லிய பிளாஸ்டிக்கை உருக்கியும் விடும். ஆகவே முதலில் தீப்பற்றாத கடதாசியைத் தளர்வாகக் கசக்கிக் குழாயினுள் இட வேண்டும். சாதாரண டிசுக் கடதாசி கூடாது. அது எரிந்தபடி விழுந்தால் காய்ந்த புல் தீப்பிடிக்கும்.

இனிப் பரசூட்டின் நடுவை ஒரு கையாலும் நூல்களை மறு கையாலும் பிடித்து இழுங்கள். அது மூடிய குடைபோல ஒடுங்கும். அதை இரண்டாக மடித்துச் சுருட்டி, நூலைத் தளர்வாக ஓரிரு சுற்றுச் சுற்றினால் போதும். அழகாக இருக்கட்டும் என்று இறுக்கிச் சுற்றுவோர் பலர். அப்படிச் சுற்றிய பரசூட் வெளியே வந்தும் விரியாது. விரியாவிட்டால் ரொக்கெட் வேகமாகக் கீழே விழும். கடதாசிக் குழாய்தானே என்று கீழே நிற்பவர்கள் அலட்சியமாக இருக்க முடியாது.

மடிப்புகள் ஒட்டாதிருக்கச் சிறிது முகப்பவுடர் தூவலாம். முதல்நாள் இரவே மடித்து வைப்பது நல்லதல்ல. பல மணி நேரம் மடிந்து கிடக்கும் பிளாஸ்டிக் அந்த மடிப்பிலேயே நின்றுவிடும். குளிரில் இன்னும் விறைக்கும். ஏவுவதற்குச் சற்று முன் மடிப்பதே சிறந்தது. சுருள் குழாயினுள் தடையின்றி வழுக்கிச் செல்ல வேண்டும். மூக்குக் கூம்பும் இறுகியிருக்கக் கூடாது.

காற்று பலமான நாளில் 18 அங்குலப் பரசூட்டுக்குப் பதிலாக 12 அங்குலப் பரசூட்டை இடலாம். சற்று வேகமாக இறங்கினாலும் தூரம் அடித்துச் செல்லப்படாது. மின்கம்பியில் சிக்கிய ரொக்கெட்டை எடுக்க முயலவே கூடாது. அதை அங்கேயே விட்டுவிட வேண்டும்.