பிளேஸ்மென்ட் பொறுப்பு உனக்கா? அக்கா சொல்றதைக் கேளு!

காலேஜ்ல பிளேஸ்மென்ட் பொறுப்பை உன் தலையில வச்சுட்டாங்கன்னு அம்மா சொன்னா. எனக்கு ரொம்ப சந்தோஷம். இத்தனை வருஷமா ஆடிட்டர் ஆபீஸ்ல புதுப் பிள்ளைகளுக்கு வேலை பழக்குறவ நான். அந்தப் பக்கத்துலேர்ந்து சொல்றேன், கேட்டுக்கோ.

போன மாசம் நம்ம சங்கரன்கோவில் பிகாம் பிள்ளை ஒண்ணு இன்டர்வியூவுக்கு வந்தா. நல்ல மார்க். கேரளாவுக்குப் போற காட்டன் சேலைக்கு 60,000 ரூபாய்க்கு பில் போடச் சொன்னேன். 5 சதவீத ஜிஎஸ்டியை சிஜிஎஸ்டி 2.5, எஸ்ஜிஎஸ்டி 2.5-னு பிரிச்சு எழுதிட்டா. வெளி மாநிலத்துக்குப் போனா ஐஜிஎஸ்டி, ஒரே வரி. சரக்கு 50,000 ரூபாயைத் தாண்டுது, இ-வே பில்லும் எடுக்கணும். பாடத்துல இதெல்லாம் படிச்சவதான். ஆனா மூணு வருஷத்துல ஒரு நிஜ பில்லைக் கையில வாங்கிப் பார்த்ததே இல்ல. கண்ணு கலங்கிப் போச்சு அவளுக்கு. அது அவ குத்தமா, சொல்லு?

அதனால முதல் வேலையா, தறி முதலாளிகள்கிட்ட பழைய பில் ஒரு கட்டு கேளு. பேரை மறைச்சுக் கொடுக்கச் சொல்லு. நூல் வாங்கினது, பாவு ஓட்டினது, தறிக்கூலி, சேலை வித்தது, எல்லாத்தையும் பிள்ளைகளே டாலியில ஏத்தட்டும். முதல் வருஷத்துலயே ஆரம்பி. ஆறாவது செமஸ்டர்ல ஓடிப் பிரயோஜனமில்ல.

அந்த முதலாளிகளைப் பொன்னாடை போத்தி மேடையில ஏத்தாதே. ஒரு மணி நேரம் பெஞ்சுல உக்காந்து பிள்ளைங்க நோட்டைத் திருத்தச் சொல்லு. எந்தப் பிள்ளை கெட்டின்னு அவங்களுக்கே தெரிஞ்சிடும். நம்ம கோயில் ஆடித்தபசுத் திருவிழா சமயத்துல மட்டும் கூப்பிடாதே, ஒருத்தரும் வரமாட்டாங்க.

'சம்பளம் கொடுத்துப் பழக்க முடியாதும்மா'ன்னு சொல்வாங்க. அப்ப நாட்ஸ் திட்டத்தைச் சொல்லு. 1961 அப்ரன்டிஸ் சட்டத்துல வர்றது. நாலு பேராவது வேலை பார்க்கிற இடமா இருந்தா பட்டதாரியைப் பயிற்சிக்கு எடுக்கலாம், குறைந்தபட்ச உதவித்தொகையில பாதியை மத்திய அரசு கொடுக்கும். சின்ன ஆபீஸ்கள்ல நிறைய பேருக்கு இது தெரியாது. பதிவு பண்ற வேலையை நீயே கூட உக்காந்து முடிச்சுக் கொடு.

2022-லேர்ந்து தமிழக அரசோட 'நான் முதல்வன்' திறன் பயிற்சித் திட்டம் இருக்கு. அதை வருகைப் பதிவுக்காக நடத்தாதே. எந்தக் கோர்ஸ் எடுக்கிறதுன்னு முடிவு பண்ணுறதுக்கு முன்னால, ராஜபாளையம், சிவகாசி, தென்காசின்னு வேலைக்குப் போன பழைய மாணவிகளுக்குப் போன் போட்டுக் கேளு. திருநெல்வேலியில மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் பாடத்தை மாத்துறப்போ, அவங்க சொன்னதை எழுதி உன் துறைத்தலைவர் மூலமா அனுப்பு.

இன்னொண்ணு. பொம்பளப் பிள்ளைகளுக்குச் சென்னையில வேலை கிடைச்சும் வீட்டுல அனுப்பாம நின்னுபோனது எத்தனைன்னு உனக்கே தெரியும். ஆஃபர் வந்த பிறகு பேசினா அப்பாமார் மசிய மாட்டாங்க. இரண்டாம் வருஷமே வீட்டுக்குப் போய்ப் பேசு. அங்க வேலை பார்க்கிற நம்மூர்ப் பிள்ளை ஒருத்தியோட நம்பரை அம்மாமார் கையில கொடு. தங்குற ஹாஸ்டல் எது, பொதிகை எக்ஸ்பிரஸ்ல போய் இறங்கினா யார் கூட்டிட்டுப் போவாங்கன்னு அவங்க அவகிட்டயே கேட்டுக்கட்டும்.