அச்சம் பிறப்பதும் நிலைப்பதும்

தென்காசி மக்களுக்குக் குற்றாலச் சாரல் இயற்கை தந்த பெருஞ்செல்வம். ஆயினும் அருவியின் இரைச்சலைக் கேட்ட அளவிலேயே உடல் நடுங்குவோரும் நம்மிடையே உண்டு. ‘பயந்த கோளாறு’ என்று கூறி, மந்திரித்துக் கயிறு கட்டுவதோடு வீட்டார் அமைதி கொள்கின்றனர். இவ்வச்சம் எவ்வாறு பிறக்கிறது? ஏன் நிலைக்கிறது? உளவியலார் கூறும் விடையைக் காண்போம்.

எல்லா அச்சமும் கோளாறு ஆகாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு மாணவரின் உயிரைக் கொண்டுபோயிற்று. மெயினருவியில் நீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழும்போது விலகி நிற்பது அறிவுடைமை. நீர் மெலிதாக விழும் நாளிலும் நெருங்க இயலாமல் தவிப்பதே ‘ஃபோபியா’ எனப்படும் மிகையச்சம்.

அச்சம் பிறத்தல்

ஆல்பர்ட் எனப்பட்ட, ஓராண்டும் நிறையாத குழந்தை வெள்ளெலியைத் தொட்டபோது, அதன் பின்னால் இரும்புத் தண்டைச் சுத்தியலால் அடித்து ஒலியெழுப்பினர் வாட்சனும் ரேனரும். பலமுறை இவ்வாறு செய்தபின், எலியைக் கண்டாலே குழந்தை அழுதது. முயலைக் கண்டும் அழுதது. 1920-இல் வெளியான இச்சோதனை, இன்று எந்த ஆய்வுக்குழுவும் இசையாத ஒன்று. இரண்டு தூண்டல்கள் இணைவதால் நிகழும் இக்கற்றலை ஆக்கநிலையிறுத்தம் என்பர். பிறர் அஞ்சுவதைப் பார்த்தும், சொல்லக் கேட்டும்கூட அச்சத்தைக் கற்கலாம்.

அச்சம் நிலைத்தல்

என் அத்தை மகள் ஐந்து வயதில் ஐந்தருவிக் கூட்டத்தில் வழுக்கி விழுந்து மூச்சுத் திணறினாள். அதன்பின் ஒருமுறையும் விழவில்லை. இணைப்பு தொடராவிடில் கற்ற துலங்கல் மங்கும் என்பது பாவ்லோவ் கண்ட உண்மை. எனினும் பத்தாண்டுகள் கழிந்தும் அவள் அச்சம் குறையவில்லை. ஏன்?

1947-இல் மௌரர் இதற்கு விடை தந்தார். அவள் அழுததும் வீட்டார் அன்பினால் திருப்பி அழைத்து வருவர். உடனே நெஞ்சு அமைதியடையும். அந்த அமைதியே விலகிச் செல்லும் பழக்கத்திற்குப் பரிசாகி, அதனை வலுவூட்டுகிறது. அருவி இன்று துன்பம் தராது என்பதைக் கற்கும் வாய்ப்பே அவளுக்குக் கிட்டுவதில்லை.

ஆனால் வழுக்கி விழுந்தோர் அனைவருக்கும் இவ்வச்சம் வருவதில்லை. பாம்பு, உயரம் போன்றவற்றிற்கு அஞ்சுவதை மனிதர் எளிதில் கற்கும் இயல்பினர் என்று 1971-இல் செலிக்மன் கருதினார். ஆகவே கற்றல் ஒன்றே முழு விளக்கமாகாது.

மாற்றும் வழி

முயலுக்கு அஞ்சிய பீட்டர் என்னும் சிறுவன் விருப்பமான உணவை உண்ணும்போது, முயலைச் சிறிது சிறிதாக அருகே கொணர்ந்தார் மேரி கவர் ஜோன்ஸ். இறுதியில் அவன் அதனைத் தடவிக் கொடுத்தான். 1924-இல் வெளிவந்த இம்முறை நமக்கும் பொருந்தும். முதலில் தொலைவில் நின்று ஓசை கேட்டல். பிறகு சாரலில் நனைதல். பிறகு சிற்றருவியில் கால் நனைத்தல். ஒவ்வொரு படியிலும் நடுக்கம் தணிந்த பின்னரே அடுத்த படி. வலிந்து இழுத்துச் செல்லுதல் கூடாது. அச்சம் கடுமையாயின் மனநல மருத்துவரின் துணை வேண்டும்.

கயிறு கட்டும் பெரியோரை எள்ள வேண்டா. கட்டிய கயிற்றோடு, குழந்தையின் கைபிடித்து அருவியை நோக்கி ஓரடி எடுத்து வைக்கவும் சொல்வோம். கற்றலால் வந்த அச்சத்தைக் கற்றலாலேயே வெல்லலாம்.