ஃபாரடேயின் ஏழு செப்புக்காசுகள்

மாணவர்களே, மின்னியல் பாடத்தில் மைக்கேல் ஃபாரடேயின் பெயரைப் படித்திருப்பீர்கள். அவர் எந்தப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயின்றார் தெரியுமா? எங்கும் பயிலவில்லை! எழுத்து, வாசிப்பு, கொஞ்சம் கணக்கு, இவ்வளவுதான் பள்ளியில் அவருக்குக் கிடைத்தவை. மற்றதையெல்லாம் வேலை பார்த்துக்கொண்டே தாமாகக் கற்றார். எப்படிக் கற்றார் என்பதே இவ்வாரப் பாடம்.

படித்ததைச் செய்து பார்த்தார்

ஃபாரடே 1791-இல் ஓர் ஆங்கிலேயக் கொல்லரின் மகனாகப் பிறந்தார். 14 வயதில் லண்டன் புத்தகக் கடை ஒன்றில், புத்தகம் கட்டும் தொழிலைப் பழகச் சேர்ந்தார். கட்டுவதற்கு வந்த புத்தகங்களைப் படிக்கவும் தொடங்கினார். கலைக்களஞ்சியத்தில் இருந்த மின்சாரக் கட்டுரையும், ஜேன் மார்செட் அம்மையார் எழுதிய வேதியியல் நூலும் அவரைப் பெரிதும் கவர்ந்தன.

அச்சில் இருக்கிறது என்பதற்காக அவர் எதையும் நம்பிவிடவில்லை. கையில் இருந்த காசுக்கு எந்தச் சோதனையைச் செய்ய முடியுமோ, அதைச் செய்து பார்த்தார். 1812-இல், 20 வயதில், துத்தநாகத் தகட்டை வட்ட வட்டமாக வெட்டினார். ஏழு துத்தநாக வட்டுகள், ஏழு அரைப்பென்னி செப்புக்காசுகள், இடையிடையே உப்புநீரில் நனைத்த காகிதம். மின்கலம் தயார்! பிறகு மக்னீசியம் சல்பேட்டுக் கரைசலை அம்மின்சாரத்தால் பகுத்தும் பார்த்தார்.

கேட்டதை எழுதினார்

அதே ஆண்டு, கடைக்கு வரும் வாடிக்கையாளர் ஒருவர் தந்த நுழைவுச்சீட்டில், அறிஞர் ஹம்ப்ரி டேவியின் நான்கு உரைகளைக் கேட்டார். குறிப்பெடுத்து, வீட்டில் விரிவாக எழுதி, படங்களும் வரைந்து, தாமே கட்டிய புத்தகமாக டேவிக்கு அனுப்பினார். 1813-இல் டேவியின் ஆய்வகத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது.

பழக்கம் தந்த கண்டுபிடிப்பு

காந்தத்தால் மின்சாரம் உண்டாக்க முடியுமா என்பது அன்றைய பெரிய கேள்வி. 1831 ஆகஸ்ட் 29 அன்று ஃபாரடே ஓர் இரும்பு வளையத்தின் இரு பக்கங்களிலும் தனித்தனியே கம்பிச் சுருள் சுற்றினார். ஒரு சுருளை மின்கலத்துடன் இணைத்தார். மற்றச் சுருளின் அருகில் இருந்த காந்த ஊசி சட்டென அசைந்து, பழைய நிலைக்கே திரும்பியது. மின்னோட்டம் சீராகப் பாய்ந்தவரை அது அசையவில்லை. இணைப்பைத் துண்டித்ததும் மறுபடி அசைந்தது.

அந்த ஒரு கண அசைவை அவர் அலட்சியப்படுத்தவில்லை. காந்தப்புலம் இருந்தால் மட்டும் போதாது, அது மாற வேண்டும். அப்போதுதான் சுருளில் மின்சாரம் தூண்டப்படும். மின்னாக்கியும் மின்மாற்றியும் இந்த விதியால்தான் இயங்குகின்றன.

ஒரு குறையும் உண்டு

தாமாகக் கற்பவருக்குச் சில இடைவெளிகள் விழும். ஃபாரடேக்கு உயர்கணிதம் வரவில்லை. அவர் மனக்கண்ணில் கண்ட விசைக்கோடுகளைப் பிற்பாடு சமன்பாடுகளாக்கியவர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல். 1857-இல் ஃபாரடே அவருக்கு எழுதிய கடிதத்தில், கணித முடிவுகளை எளிய மொழியிலும் சொல்லக்கூடாதா என்று கேட்டார். அப்போது அவருக்கு வயது 66. புகழ்பெற்ற பிறகும், புரியாததைப் புரியவில்லை என்று சொல்ல அவர் கூச்சப்படவில்லை.

நீங்களும் செய்யுங்கள்

வன்பொருள் கடையில் துத்தநாகம் பூசிய வாஷர் நான்கும், செம்பு வாஷர் நான்கும் வாங்குங்கள். செம்பு, உப்புநீரில் நனைத்த காகிதம், துத்தநாகம் என்ற வரிசையில் நான்கு முறை அடுக்குங்கள். காகிதத்தைப் பிழிந்து வையுங்கள். வழியும் நீர் அடுக்குகளை ஒன்றாக இணைத்துவிட்டால் மின்னழுத்தம் குறைந்துவிடும். சிவப்பு எல்.இ.டி. விளக்கின் நீளமான காலைச் செம்பு முனையிலும், குட்டையான காலைத் துத்தநாக முனையிலும் தொடுங்கள். இருட்டான இடத்தில் மங்கலான ஒளி தெரிகிறதா என்று பாருங்கள்.

இப்போது மூன்று கேள்விகள்:

1. உப்புநீருக்குப் பதில் வெறும் குழாய்நீர் என்றால் ஒளி மாறுமா?
2. காகிதம் காய்ந்துவிட்டால் என்ன ஆகும்?
3. ஒரு செம்பு வாஷரை எடுத்துவிட்டு அங்கேயும் துத்தநாகம் வைத்தால்?

சோதனைக்கு முன்பே உங்கள் ஊகத்தையும் காரணத்தையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். பிறகு செய்து பாருங்கள். ஊகம் தவறினால் அந்த வரியை அழிக்க வேண்டாம். ஏன் தவறியது என்று அதன் கீழே எழுதி, ஆசிரியரிடமோ நண்பரிடமோ பேசுங்கள். விடைகளை இங்கே தரவில்லை. அவை உங்கள் மேசையிலேயே கிடைக்கும்.