மழைக்குப் பின் காரின் அடிப்பாகம்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தெருவில் தேங்கிய நீர் வற்றி, அதுவரை நீருக்கடியில் மறைந்திருந்த பள்ளங்களெல்லாம் வாய் பிளந்து வெளிப்படும் இந்த மார்கழி மாதத்தில், கார் வைத்திருப்போர் பொங்கல் பிரயாணத்துக்குப் புறப்படுமுன் அவசியம் செய்யவேண்டிய காரியம் ஒன்று உண்டு. சக்கரத்தையும் வண்டியின் உடலையும் பிணைத்து நிற்கும் சஸ்பென்ஷன் பாகங்களை, அதாவது ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங், லோயர் ஆர்ம், அதன் ரப்பர் புஷ், பால் ஜாயின்ட், லிங்க் ராடு ஆகியவற்றை, வண்டியை உயரத் தூக்கி வைத்துக் கண்ணால் பார்த்தும் கையால் அசைத்தும் பரிசோதிப்பதே அது. அக்டோபர் தொடங்கி டிசம்பர் வரை, ஆழம் தெரியாத நீரில் எத்தனையோ பள்ளங்களில் விழுந்தெழுந்த வண்டி இன்னும் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்று திருப்தியடைந்துவிடலாகாது.

இதை இவ்வளவு வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம், இப்பாகங்களின் தேய்மானத்தை வண்டி ஓட்டுகிறவரே கடைசியாக அறிகிறார் என்பதுதான். ஷாக் அப்சார்பருக்குள் இருக்கும் பிஸ்டன், எண்ணெயைச் சிறு துவாரங்களின் வழியே தள்ளி, ஸ்பிரிங்கின் ஆட்டத்தை உஷ்ணமாக மாற்றித் தணிக்கிறது. அதன் சீல் தேய்ந்து எண்ணெய் கசியக் கசிய, தணிக்கும் சக்தி நாளுக்கு நாள் அணுவணுவாகக் குறைகிறது. அந்தக் குறைவுக்கு ஈடாக, ஓட்டுகிறவரின் கையும் காலும் அவரையறியாமலே தம்மைத் திருத்திக்கொள்கின்றன. வருஷக்கணக்கில் பார்வை மங்கிவரும் ஒருவர், தெருவில் விளக்குப் போதவில்லை என்று சொல்லிக்கொண்டிருப்பது போன்றதே இது. ஆகையால் உங்கள் சொந்த அனுபவத்தை மட்டும் சாட்சியாக வைத்துக்கொள்ளாமல், உங்கள் வண்டியில் ஏறிப் பல மாதங்களான உறவினர் ஒருவரை ஏற்றிக்கொண்டு ஒருமுறை சுற்றி வந்து, என்ன தோன்றுகிறது என்று கேளுங்கள்.

பிறகு டயரைப் பாருங்கள். டயரைப் போல் ஒளிவுமறைவின்றி உண்மையைச் சொல்லும் பாகம் காரில் வேறில்லை. உள்ளங்கையை டயரின் மேற்பரப்பில் வைத்து மெல்ல ஒரு சுற்றுத் தடவும்போது, ஓரிடத்தில் மேடாகவும் அடுத்த இடத்தில் பள்ளமாகவும் மாறி மாறித் தட்டுப்படுமானால், ஷாக் அப்சார்பர் வலுவிழந்து சக்கரம் தரையில் பதியாமல் குதித்துக்கொண்டு போகிறது என்று சந்தேகிக்கவேண்டும். உள்விளிம்பு மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தால், அலைன்மெண்ட் தவறியிருக்கலாம், புஷ் கிழிந்திருக்கலாம், பள்ளத்தில் விழுந்து லோயர் ஆர்ம் வளைந்திருக்கவும் கூடும். ஷாக்கின் மேல் எண்ணெய்ப்பசை ஆவி படிந்தாற்போல் லேசாகத் தெரிவது சகஜம், அதற்காக மாற்றவேண்டியதில்லை. எண்ணெய் வழிந்து, அதில் புழுதி ஒட்டிக் கருஞ்சேறாகத் திரண்டிருந்தால் அதன் காலம் முடிந்தது. வண்டியின் ஒரு மூலையை அழுத்தி விட்டுப் பார்க்கும் பழைய சோதனையும் உண்டு: நல்ல ஷாக் ஒருமுறை எழும்பி அமர்ந்துவிடும், கெட்டது இரண்டு மூன்று முறை ஆடும். ஆனால் இச்சோதனையில் தேறிவிட்டது என்பதனாலேயே ஷாக் நன்றாயிருக்கிறது என்று நிச்சயிக்க முடியாது. பாதி தேய்ந்த ஷாக்கும் இதில் தப்பித்துக்கொள்ளும்.

அடுத்து, சக்கரத்தின் ஆட்டம். வண்டியை ஜாக்கியில் மட்டும் நம்பி விடாமல் ஸ்டாண்டின்மேல் பத்திரமாக நிறுத்தியபின், சக்கரத்தின் உச்சியை ஒரு கையாலும் அடியை மறு கையாலும் பற்றி, உள்ளும் வெளியுமாக அசைக்கவேண்டும். ‘லொடக்’ என்று ஆட்டம் தெரிந்தால், வேறொருவரைப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடியும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் குற்றம் வீல் பேரிங்கில் இருக்கிறது, நிற்காமல் தொடர்ந்தால் பால் ஜாயின்ட் முதலான இணைப்புகளில் இருக்கிறது. இடமும் வலமுமாகப் பற்றி அசைக்கும்போது வரும் ஆட்டம், பெரும்பாலும் ஸ்டியரிங்கைச் சேர்ந்த டை ராடு எண்டின் தேய்மானமாயிருக்கும். மெக்கானிக் இதைச் செய்யும்போது பக்கத்தில் நின்று உங்கள் கையாலும் ஒருமுறை அசைத்துப் பார்த்துவிட்டால், எதை மாற்றவேண்டும் என்ற தர்க்கத்துக்கே பிறகு இடமிராது.

சப்தங்களும் குறிப்புத் தரும். சிறு மேடுபள்ளங்களில் ‘டக் டக்’ என்று கேட்டால் லிங்க் ராடையும், நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முனகினால் ஸ்ட்ரட்டின், அதாவது முன்சக்கரத்தின் ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூணின், மேல்மவுண்டையும் முதலில் பாருங்கள்.

மாற்றுவதில் எது முதல், எது பிறகு என்ற விவேகம் வேண்டும். பால் ஜாயின்டில் ஆட்டம் கண்டால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. ஓடும்போது அது கழன்றால் சக்கரம் மடிந்து சாய்ந்துவிடும், ஸ்டியரிங் கையில் இருந்தும் பயனில்லை. அதன் மேலுள்ள ரப்பர் உறை கிழிந்து மழைநீரும் மணலும் உள்ளே புகுந்திருந்தால், இன்று ஆட்டம் இல்லாவிடினும் விரைவில் வரும். பல சிறிய கார்களில் பால் ஜாயின்ட் லோயர் ஆர்முடன் ஒன்றாகவே வருவதால், முழு ஆர்மையும் மாற்ற நேரிடும். புஷ்ஷின் மேற்பரப்பில் மெல்லிய வெடிப்புகள் மட்டும் இருந்தால் காத்திருக்கலாம். ரப்பர் இரும்பை விட்டுப் பிரிந்திருந்தால் மாற்றியே தீரவேண்டும். ஷாக்குக்கு 80,000 கிலோமீட்டர் ஆயுள் என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்தக் கணக்கை நம் தெருக்களில் நம்பியிருக்க இயலாது. வேகத்தடை பத்து சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமுமாகச் சரிந்து இறங்கவேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதி வகுத்திருக்க, நம் தெருமுனைகளில் இரவோடிரவாக முளைக்கும் செங்குத்துத் திட்டுகள் வண்டிகளுக்குச் செய்யும் கொடுமையை நினைத்தால் மனம் நோகிறது. கிலோமீட்டர் எண்ணுக்காகக் காத்திராமல், 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறையும், ஒவ்வொரு மழைக்காலத்தின் முடிவிலும் பார்த்துவிடுவதே உசிதம். இன்றைய சிறிய கார்கள் பெரும்பாலானவற்றின் முன்புறத்தில், ஏர்ல் மாக்ஃபர்ஸன் என்ற பொறியாளர் 1940-களில் வகுத்த அமைப்பின்படி, ஷாக்கே சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் தூணாகவும் இருப்பதால், அதன் பலவீனம் பிரயாண சுகத்தோடு நில்லாமல் ஸ்டியரிங்கையும் பிரேக்கையும் பாதிக்கிறது. அதனால்தான் அதை ஒரு பக்கம் மட்டும் மாற்றாமல், இடமும் வலமும் ஜோடியாகவே மாற்றவேண்டும்.

பொருத்தும் முறையில் பலரும் கவனியாத நுட்பம் ஒன்று இருக்கிறது. லோயர் ஆர்மின் புஷ்ஷில் ரப்பரானது உட்குழாயோடு ஒட்டிக்கொண்டிருப்பதால், சக்கரம் தொங்கும் நிலையிலேயே போல்ட்டை இறுக்கிவிட்டால், வண்டியைத் தரையில் இறக்கியதும் அந்த ரப்பர் முறுக்கிக்கொண்டு, எந்நேரமும் அந்த இழுவிசையிலேயே நின்று, சில மாதங்களில் கிழிந்துபோகிறது. போல்ட்டை முதலில் தளர்வாக மாட்டி, வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகே கடைசி இறுக்கு இறுக்கவேண்டும் என்று மெக்கானிக்கிடம் மரியாதையாகவும் உறுதியாகவும் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்ட்ரட்டைப் பிரிக்கும் வேலையை வீட்டில் செய்யத் துணியாதீர்கள்; அழுத்திவைக்கும் உபகரணமின்றி அந்த ஸ்பிரிங்கை அவிழ்த்தால் அது தெறித்து உயிரையே வாங்கிவிடும். பழைய ஷாக்கில் எண்ணெய் நிரப்பி, வர்ணம் பூசி விற்கும் சரக்கு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

வேலை முடிந்ததும் வீல் அலைன்மெண்ட் செய்து, மாற்றிய பாகத்தையும் கிலோமீட்டரையும் எழுதி வையுங்கள். நாலு பேரும் மூட்டை முடிச்சும் கரும்புக்கட்டுமாகப் பாரம் ஏற்றிப் போகும் பொங்கல் பிரயாணத்துக்கு முந்தின தினம் இவ்வேலையைத் தொடங்குவது தகாது. வேண்டிய பாகம் கடையில் இல்லாமல் வெளியூரிலிருந்து வரவழைக்க நேரிடும் என்பதால், குறைந்தது பத்து நாள் முன்னதாகவே வண்டியைப் பட்டறையில் விட்டுவிடுங்கள்.