ஷோரூம் ஓட்டிய கார்

டெமோ கார் ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று யாராவது போன் செய்தால், "ஆர்.சி.யில என்ன தேதி போட்டிருக்கு?" என்றுதான் முதலில் கேட்பேன். "வெறும் நாலாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு அண்ணாச்சி" என்று பதில் வரும். ஷோரூமில் சொல்லிக்கொடுத்த பதில் அது. கிலோமீட்டரைச் சொன்னால் வண்டி புதுசாகத் தெரியும், தேதியைச் சொன்னால் பழசாகத் தெரியும். வாரண்டி தேய்வதும், இன்சூரன்ஸ் மதிப்பு இறங்குவதும், நாளைக்கு நம்மிடம் வாங்க வருகிறவர் கணக்குப் போடுவதும் தேதியை வைத்துத்தான்.

எங்கள் வீட்டில் இப்போது ஓடுவது திருநெல்வேலியில் ஒரு டீலரிடம் டெமோவாக நின்ற வண்டி. அதை வாங்கியதிலிருந்து திருவேங்கடம், குருவிகுளம் பக்கத்துச் சொந்தக்காரர்கள், தீப்பெட்டி ஆபீஸ் நடத்தும் நண்பர்கள் என்று சிலர் துணைக்குக் கூப்பிடுகிறார்கள். எங்கள் சங்கரன்கோவில் பக்கத்து ஊர்க்காரர்கள் கார் பார்க்க எப்படியும் கோவில்பட்டி, ராஜபாளையம், திருநெல்வேலி, மதுரை என்று வெளியூர்தான் போக வேண்டும். போகிற போக்கில் இரண்டு ஊர் ஷோரூமையும் பார்த்துவிட்டு வருவது நமக்கு லாபம். ஒரே மாடல் டெமோ வண்டிக்கு இரண்டு இடத்தில் இரண்டு விலை சொல்வார்கள்.

டெமோ வண்டி செகண்ட்ஹேண்ட் வண்டிதான். வருகிறவர்களுக்கு ஓட்டிக் காட்டுவதற்காக டீலர் தன் பெயரிலேயே பதிவு செய்து, வரியும் இன்சூரன்சும் கட்டி வைத்திருப்பார். புது முகப்போடு அடுத்த மாடல் வந்ததும், அல்லது வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்ததும் விற்றுவிடுவார். நம் பெயருக்கு மாறும்போது ஆர்.சி.யில் இரண்டாவது உரிமையாளர் என்றுதான் ஏறும். "ஏறக்குறைய புதுசு சார்" என்று யார் சொன்னாலும் இது மாறாது. மற்ற பழைய வண்டிகளைவிட இதில் ஒரு வசதி உண்டு. வைத்திருந்தது யார் என்று தெரியும், சர்வீஸ் எல்லாம் ஒரே வொர்க்‌ஷாப்பில் நடந்திருக்கும், ஏதாவது என்றால் போய்க் கேட்க ஒரு கட்டிடம் இருக்கும்.

விலைதான் இதில் பெரிய விஷயம். சேல்ஸ்காரர் எடுத்ததும் எக்ஸ்-ஷோரூம் விலையைச் சொல்லி, அதிலிருந்து இவ்வளவு குறைக்கிறோம் என்பார். நாம் ஆன்-ரோடு விலையோடுதான் ஒப்பிட வேண்டும். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து காருக்கான ஆயுள்வரி 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. ஒன்பதே முக்கால் லட்ச ரூபாய் புது வண்டிக்கு ஒன்றேகால் லட்சத்துக்கு மேல் வரி மட்டுமே போகும். டெமோ வண்டிக்கு டீலர் அதைக் கட்டிவிட்டார், பெயர் மாற்றும்போது நாம் மறுபடியும் கட்ட வேண்டியதில்லை. டெமோ வண்டியில் உண்மையான மிச்சம் இங்கேதான் இருக்கிறது.

இதே கணக்கு எதிர்த் திசையிலும் வேலை செய்யும். 2025 செப்டம்பர் 22-ல் ஜி.எஸ்.டி. குறைந்தது. நான்கு மீட்டருக்குள், 1200 சி.சி.க்குள் அடங்கும் பெட்ரோல் கார்களுக்கு செஸ் சேர்த்து 29 சதவீதமாக இருந்தது 18 ஆனது. அதற்கு முன் பதிவான டெமோ வண்டிகளுக்கு டீலர் பழைய பில்லைக் காட்டித்தான் பேசுவார். பத்தரை லட்சம் எக்ஸ்-ஷோரூம் விலையுள்ள வண்டி என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீத ஆயுள்வரியையும் சேர்த்தால் இன்சூரன்ஸ் நீங்கலாக 12 லட்சத்து 39 ஆயிரம் ஆகியிருக்கும். வரிக் குறைப்பு முழுதாக விலையில் இறங்கியிருந்தால் அதே வண்டி இன்றைக்குச் சுமார் 9 லட்சத்து 60 ஆயிரம். 10 லட்சத்துக்குக் கீழே வந்துவிட்டதால் ஆயுள்வரியும் 13 சதவீதப் படிக்கு இறங்கிவிடும். மொத்தம் சுமார் 10 லட்சத்து 85 ஆயிரம். ஆக, "ஒன்றரை லட்சம் தள்ளித் தர்றோம் சார்" என்று அவர் பெரிய மனதோடு சொல்லும்போது, பக்கத்தில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் நிற்கும் புது வண்டியின் விலைக்குத்தான் வந்திருக்கிறார்.

எல்லா வண்டிக்கும் இவ்வளவு இறங்கவில்லை. பிரெஸ்ஸா நான்கு மீட்டருக்குள் அடங்கினாலும் இன்ஜின் 1462 சி.சி. அது 45-லிருந்து 40-க்குத்தான் வந்தது. அதனால் பொதுவாகப் பேசாமல், அதே மாடல், அதே வேரியன்ட், இன்றைய தேதிக்கு ஆன்-ரோடு எவ்வளவு என்று ஒரு கொட்டேஷன் எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்டு பிறகு டெமோ பேச்சை எடுங்கள். புது வண்டிக்கு அந்த மாதம் என்ன ஆஃபர் ஓடுகிறது என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

எவ்வளவு குறைந்தால் நியாயம்? இன்சூரன்ஸ்காரர்களின் தேய்மான அட்டவணையை அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன். ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஒரு வருஷம் வரை 15, இரண்டு வருஷம் வரை 20 என்று வண்டியின் மதிப்பைக் குறைப்பார்கள். டீலரே தினமும் பாலிசி போடுகிறவர், இந்தக் கணக்கோடு அவரால் சண்டை போட முடியாது. இன்றைய ஆன்-ரோடு விலையிலிருந்து அந்த சதவீதமாவது இறங்காவிட்டால் நான் எழுந்து வந்துவிடுவேன். இரண்டாவது கைக்கு மாறும் வண்டி என்பதற்கும் சேர்த்துக் கொஞ்சம் குறைக்கச் சொல்வது நம் சாமர்த்தியம். ஆடி மாதத்தில் பேசினால் பேச்சு எடுபடும். சங்கரன்கோவில் தபசுக்கு ஊரே திரண்டிருக்கும் மாதத்தில் புது வண்டி டெலிவரி எடுக்க ஆள் இருக்காது, ஷோரூமில் ஈ ஓட்டுவார்கள். டிசம்பர் கடைசியிலும் பேச்சு எடுபடும்.

இன்னொரு விஷயம் வேரியன்ட். எல்லா வசதியையும் காட்ட வேண்டும் என்பதால் டெமோ வண்டி பெரும்பாலும் டாப் மாடலாக இருக்கும். நடு வேரியன்ட் விலைக்கு டாப் மாடல் என்று ஆசை காட்டுவார்கள். ஆசைப்படலாம், தப்பில்லை. ஆனால் கரிசல் புழுதியும் சித்திரை வெயிலும் சேர்ந்த எங்கள் ஊரில் சன்ரூஃபைத் திறந்து யார் வானம் பார்க்கப் போகிறார்கள்? அந்தப் புழுதி கண்ணாடி ஓரத்துத் தண்ணீர்க் குழாயை அடைத்துக்கொண்டால் மழைக்காலத்தில் கூரை ஒழுகும். சன்ரூஃபுக்காகக் கூடுதல் விலை கேட்டால் நான் அதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

வண்டியைப் பார்ப்பதற்கு வருவோம். வெயில் இருக்கும்போது பாருங்கள், கழுவித் துடைத்து லைட் வெளிச்சத்தில் நிறுத்தியதைப் பார்த்துவிட்டு வராதீர்கள். டெமோ வண்டியை ஓட்டியவர்களில் பாதிப் பேர் அந்த வண்டிக்குப் புதியவர்கள். இன்ஜின் சூடாவதற்குள் மிதித்திருப்பார்கள், கிளட்ச்சில் காலை வைத்தபடியே ஓட்டியிருப்பார்கள், பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்று பார்க்கவே ஓங்கி அழுத்தியிருப்பார்கள். ஆகவே நான் போனதும் குனிந்து பார்ப்பது முன் சக்கரங்களை. அலாய் இடைவெளி வழியே விரலை விட்டு பிரேக் டிஸ்க்கின் ஓரத்தை நகத்தால் தடவினால், தேய்ந்த வட்டில் ஒரு வரம்பு போல விளிம்பு தட்டும். நாலாயிரம் கிலோமீட்டர் வண்டியில் அது கைக்குத் தட்டக் கூடாது. டிஸ்க் ஆறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள். இடது பக்க அலாய்களில் பிளாட்பாரக் கல் உரசிய தழும்பு இருக்கும், இடப்பக்கம் எவ்வளவு இடம் இருக்கிறது என்று தெரியாமல் திருப்பியவர்களின் கைவண்ணம் அது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், 2324 என்றால் 2024-ம் வருஷம் 23-ம் வாரம் தயாரானது. நான்கு டயரிலும் ஸ்டெப்னியிலும் அது ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தள்ளி நின்றால் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள்.

எங்கள் ஊர் மெக்கானிக் ஒருவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போவேன். அவர் பானட்டைத் திறந்ததும் இன்ஜினைப் பார்ப்பதில்லை, முன் ஃபெண்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைப் பார்ப்பார். "பெயின்ட் உடைஞ்சிருக்கு பாருங்கண்ணே, ஸ்பேனர் ஏறியிருக்கு" என்பார். கம்பெனியில் போட்ட பெயின்ட் போல்ட் தலையில் விரிசல் இல்லாமல் இருந்தால் அந்தப் பக்கம் கழற்றப்படவில்லை என்று அர்த்தம். பம்பர் உரசி மாற்றியது தப்பில்லை, மறைப்பதுதான் தப்பு. சேஸிஸ் நம்பரைச் சொல்லி, அதே கம்பெனியின் வேறொரு சர்வீஸ் சென்டரில் ஹிஸ்டரி கேட்டால் பாடி ஷாப்புக்குப் போன விவரம் வந்துவிடும். கோவில்பட்டியில் கேட்டால் திருநெல்வேலியில் நடந்ததும் தெரியும்.

டீசல் டெமோ என்றால் எனக்குத் தயக்கம்தான். பி.எஸ். 6 டீசலில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். என்ற வடிகட்டி இருக்கிறது. வண்டி ஹைவேயில் தொடர்ந்து ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து சுத்தமாகும். ஷோரூமிலிருந்து அடுத்த சிக்னல் வரை போய்த் திரும்பும் வண்டிக்கு அந்த வாய்ப்பே கிடைப்பதில்லை. மின்சாரக் கார் என்றால் வேறு சங்கதி. டாடா, மஹிந்திராவின் சில மின்கார்களுக்குப் பேட்டரி மேல் கொடுக்கும் ஆயுட்கால வாரண்டி முதல் உரிமையாளருக்கு மட்டும்தான், கை மாறினால் வருஷக் கணக்குக்குச் சுருங்கிவிடும். டீலர் பெயரில் பதிவாகியிருந்தால் நாம் முதல் ஆள் இல்லை. வாரண்டி புத்தகத்தில் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

காகித வேலையில்தான் பலர் சோர்ந்துவிடுகிறார்கள். எம்பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டால் பதிவுத் தேதி, இன்சூரன்ஸ் முடியும் நாள், வங்கிக் கடன் இருக்கிறதா என்பதெல்லாம் தெரியும். டீலர்கள் டெமோ வண்டியைக் கடனில் எடுப்பது சாதாரணம். உறவினர் ஒருவருக்கு முழுப் பணமும் வாங்கிக்கொண்டு வண்டியைக் கொடுத்துவிட்டார்கள், வங்கியின் ஹைபோதிகேஷனை நீக்காமல் மாதக்கணக்கில் இழுத்தார்கள். ஆர்.சி. அவர் பெயருக்கு வரவே இல்லை, இன்சூரன்சும் மாறவில்லை. எந்த ஷோரூம் என்பது இங்கே வேண்டாம். வங்கியின் என்.ஓ.சி.யும் ஃபார்ம் 35-ம் கைக்கு வந்த பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள். பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 இரண்டிலும் டீலரின் கையெழுத்தும் சீலும் டெலிவரிக்கு முன்பே விழ வேண்டும். பில்லில் டெமோ வண்டி என்பதும், அன்றைய ஓடோமீட்டர் ரீடிங்கும், சொன்ன இலவச சர்வீஸ், இரண்டாவது சாவி, புது பேட்டரி எல்லாமும் ஏற வேண்டும். வாய்ச்சொல் ஷோரூம் வாசலோடு சரி.

பெயர் மாறிய 14 நாளுக்குள் இன்சூரன்சை நம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடு தானாக நம்மோடு வந்துவிடும், நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு அப்படி வராது. பழைய காரை விற்றுவிட்டு வாங்குகிறவர்கள் அந்தக் காரின் நோ கிளெய்ம் போனசுக்கு இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போனஸ் வண்டிக்கு உரியது கிடையாது, ஆளுக்கு உரியது. நம் வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவீதம் வரை குறையும்.

வாரண்டி மிச்சத்தையும் ரூபாயாக்கிப் பாருங்கள். மாருதி 2024 ஜூலையிலிருந்து 3 வருஷம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர் தருகிறது. ஒரு வருஷம் நின்ற டெமோவில் அதில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. நீட்டிப்பு வாரண்டியை டீலர் செலவில் போடச் சொல்வது நான் வழக்கமாகக் கேட்கும் ஒன்று. ரொக்கத் தள்ளுபடியைவிட இதை எளிதாக ஒத்துக்கொள்கிறார்கள்.

டெமோ என்று சொல்லாமலே புது வண்டியாகத் தள்ளிவிடுவதும் நடக்கிறது. டெலிவரி அன்று ஓடோமீட்டர் சில நூறைக் காட்டினாலோ, ஸ்க்ரீனின் புளூடூத் பட்டியலில் யார் யாரோ பெயர் இருந்தாலோ, சாவியை வாங்காமல் நின்று கேளுங்கள். மசியாவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யலாம். 50 லட்சம் வரையிலான பொருளுக்கு நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போட 2019-ம் வருஷச் சட்டம் இடம் தருகிறது. வாங்கிய ஊருக்கு அலைய வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் அம்மாதான் முகம் சுளித்தாள். "நாலு பேரு ஏறி எறங்குன வண்டியாடா?" அப்பா பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. "பஸ்ல போகும்போது நாலு பேரு ஏறலியா?" கழுகுமலைக்குப் போய் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றியதோடு அந்த விவகாரம் முடிந்தது. நம்பர் பிளேட்டில் மட்டும் டி.என். 72 அப்படியே இருக்கிறது. சங்கரன்கோவில் டி.என். 79 ஓடும் தெருவில், "என்ன, திருநவேலி விருந்தாளியா?" என்று இன்றும் கேட்கிறார்கள்.

ஃபாஸ்டேக்கை மறந்துவிடாதீர்கள். கண்ணாடியில் ஒட்டியிருப்பது டீலர் கணக்கில் ஓடுவது. அவர் அதை மூடினால்தான் நமக்குப் புதிதாக ஒன்று கிடைக்கும், ஒரு வண்டிக்கு ஒரு டேக்தான். டெலிவரி அன்றே அவர் முன்னால் மூடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி போகும்போது சாலைப்புதூர் டோல்கேட்டில் அவர் பணம் போகும், அவர் பிளாக்லிஸ்ட் செய்துவிட்டால் அங்கே நின்று கூடுதல் கட்டணம் கட்டுவது நாமாக இருக்கும்.