போனா, கேமராவா? உப்புக் காற்று ஊரில் வாங்குவதற்கு முன்

“கையில அறுபதாயிரம் இருக்கு அண்ணாச்சி, நல்ல போனா எடுக்கவா, இல்ல கேமராவே வாங்கிரவா?” தூத்துக்குடிக் கடைகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைப்பார். போன் பெட்டியில் 200 மெகாபிக்சல், கேமரா பெட்டியில் 24 மெகாபிக்சல் என்று போட்டிருக்கும். 200 பெரிது என்று அங்கேயே முடிவு செய்துவிடுகிறவர்கள் நிறைய. பணம் வீணாவது அந்த இடத்தில்தான். எதை, எந்த வெளிச்சத்தில், எவ்வளவு தூரத்தில் நின்று எடுக்கப் போகிறோம், இந்த ஊர் உப்புக் காற்றில் வாங்கிய சாமான் எத்தனை வருஷம் உழைக்கும் என்பதை வீட்டிலேயே யோசித்துவிட்டுக் கடைக்குப் போக வேண்டும்.

முதலில் பழைய படங்களைப் பாருங்கள்

இப்போது வைத்திருக்கும் போனில் போன வருஷத்துப் படங்களைத் திறந்து உட்காருங்கள். நன்றாக வந்தவற்றை விட்டுவிடுங்கள். கெட்டுப்போனவற்றை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள்: எந்த இடம், எந்த நேரம், என்ன கோளாறு. இருட்டில் முகம் குழம்பியதா, தூரத்துப் பொருள் பிசிறடித்ததா, நகர்ந்த ஆள் கலங்கிப் போனாரா? தாளில் ஒன்றும் ஏறவில்லை என்றால் உங்களுக்குக் கேமரா தேவையில்லை. பேட்டரி தேய்ந்தபின் நல்ல போன் ஒன்றை மாற்றிக்கொண்டால் போதும்.

நம்மூர்க் காட்சிகளை வைத்தே சொல்கிறேன். பனிமய மாதா பேராலயத் திருவிழா ஜூலை 26 கொடியேறி ஆகஸ்ட் 5 நிறைவடையும். அந்தக் கூட்ட நெரிசலில் குடும்பத்தோடு நின்று எடுக்க போனை மிஞ்சியது இல்லை. தெரேஸ்புரத்தில் காலையில் வள்ளங்கள் கரையேறும்போது சூரியன் கடல் பக்கம், நமக்கு நேர் எதிரே நிற்கும். ஆட்களின் முகம் கறுத்துப்போகும். நல்ல போன்கள் அந்த நொடியிலேயே பல பிரேம்களை எடுத்து ஒன்றாக்கி முகத்தையும் வானத்தையும் சேர்த்துக் காட்டிவிடும். கேமராவில் அதே படம் வேண்டுமானால் பதப்படுத்தாத ‘ரா’ கோப்பாக எடுத்து, பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவருக்குக் கேமரா ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் இரவில் திரும்பியதும் நடக்கும் ஏலத்தை எடுத்துப் பாருங்கள். அங்கே நிலைமை தலைகீழ். போன் இருட்டில் பிரேம்களை அடுக்கித்தான் படத்தைத் தேற்றுகிறது. ஆகவே அசையாத படகு பளிச்சென்று வரும், ஏலம் கூறுகிறவரின் கை புகையாகக் கரையும். பெரிய சென்சாரும் எஃப் 1.8 லென்ஸும் உள்ள கேமரா ஒரே பிரேமில் அந்தக் கையை நிறுத்திவிடும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப் லைட்டும் மலிவான எல்.இ.டி.யும் நொடிக்கு 100 முறை மினுங்கும். ஷட்டர் வேகத்தை அதிகம் ஏற்றினால் படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டை விழும். 1/50 அல்லது 1/100-இல் நிறுத்தினால் விழாது. அந்த வேகத்தைக் கையால் வைக்க முடிகிறதா என்று இரண்டு பொருளிலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்களில் பார்க்க வேண்டியது

மெகாபிக்சலை விட்டு சென்சாரின் அளவைக் கேளுங்கள். ஏ.பி.எஸ்-சி வகைக் கேமராவில் அது சுமார் 23.5 × 15.6 மி.மீ. விலை உயர்ந்த போன்களின் முதன்மைக் கேமராவில் 1/1.3 அங்குலம் என்று போட்டிருந்தால் சுமார் 9.8 × 7.3 மி.மீ. பரப்பில் ஐந்து மடங்கு வித்தியாசம். அதே போனின் ஜூம் கேமராவும் அகலக் கேமராவும் பெரும்பாலும் இன்னும் சிறிய சென்சார் கொண்டவை. 200 மெகாபிக்சல் போன் சாதாரணமாக 16 பிக்சல்களை ஒன்றாக்கி 12.5 மெகாபிக்சல் படம்தான் தரும். 50 மெகாபிக்சல் போன் நான்கை ஒன்றாக்கி அதே 12.5-க்கு வரும்.

அதுவே பெரும்பாலோருக்குப் போதும். அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 8 × 12 அங்குல ஆல்பம் பக்கத்துக்கு 8.6 மெகாபிக்சல், 12 × 18 அங்குலத்துக்கு 19.4 மெகாபிக்சல் வேண்டும். கல்யாண ஆல்பம் போடுகிறவர் இரண்டாவது எண்ணைப் பார்க்கட்டும். வாட்ஸப்பில் மட்டும் அனுப்புகிறவர் இரண்டையும் மறந்துவிடலாம். அது சாதாரணமாகப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும்.

தூரம்

உப்பளங்களுக்கு வரும் பூநாரைகளை எடுக்க ஆசைப்பட்டால் போனை நம்ப வேண்டாம். போனின் 5 மடங்கு ஜூம் என்பது பொதுவாக 120 மி.மீ. லென்ஸுக்குச் சமம். அதற்கு மேலே 30, 100 என்று காட்டுவது படத்தை வெட்டிப் பெரிதாக்கி, இல்லாத விவரத்தைக் கணக்குப் போட்டு நிரப்புவது. ஏ.பி.எஸ்-சி கேமராவில் 70–300 மி.மீ. லென்ஸ் மாட்டினால் 450 மி.மீ. வரை கிடைக்கும். நிக்கான் பி1000 போன்ற ஒட்டிய லென்ஸ் கேமராக்கள் 3000 மி.மீ. வரை போகும், ஆனால் அவற்றின் சென்சார் போனில் உள்ளதைவிடச் சிறியது. வெயில் இருக்கும்வரை அருமை, அந்தி சாய்ந்தால் படம் புள்ளி புள்ளியாகும்.

பறவை பிடிக்காதவர்களும் இந்தக் கரையில் ஜூம் பற்றி யோசிக்க வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே கால் வைக்க முடியாது. வ.உ.சி. துறைமுகத்துக்குள்ளும் அனுமதி பெற்றுத்தான் படம் எடுக்க வேண்டும். இரண்டையும் தள்ளி நின்றுதான் நாம் பார்க்கிறோம்.

உங்கள் மெமரி கார்டோடு கடைக்குப் போங்கள்

கடையில் ஓடும் மாதிரிப் படங்களைப் பார்த்து மயங்காதீர்கள். உங்கள் எஸ்.டி. கார்டு ஒன்றையும், போனிலிருந்து படத்தை எடுக்க பென் டிரைவ் ஒன்றையும் கொண்டு போங்கள். மத்தியானத்தில் போவது நல்லது; அதுதான் கடுமையான சோதனை நேரம்.

கடை வாசலில் ஒருவரை வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நிற்க வைத்து, உள்ளே இருந்து எடுங்கள். பிறகு தெருவைக் கடந்து எதிரில் உள்ள கடையின் போர்டில் சிறிய எழுத்தைக் குறி வைத்து, அதிகபட்ச ஆப்டிகல் ஜூமில் எடுங்கள். ஓடும் ஆட்டோவை ஐந்தாறு முறை தொடர்ந்து எடுங்கள். கடையின் இருட்டு மூலையில் ஒருவரைக் கையை ஆட்டச் சொல்லி எடுங்கள். ஐந்து நிமிடம் 4கே வீடியோ வெயிலில் ஓடவிட்டு, சூட்டைக் கையால் தொட்டுப் பாருங்கள். ஆப்பிள் தன் போன்களுக்குச் சொல்லும் சூழல் வெப்ப வரம்பு 35 டிகிரி; நமக்குச் சித்திரை வைகாசியில் அதைத் தாண்டும். சூடேறிய போன் திரையை மங்கவைக்கும். சில சிறிய மிரர்லெஸ் (டி.எஸ்.எல்.ஆர். போல உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராக்களும் நீண்ட வீடியோவில் நின்றுபோவது உண்டு.

இன்னொன்றை உப்பளத்துக்காகவே சேர்க்கிறேன். வெள்ளைக் காகிதம் ஒன்றை வெயிலில் விரித்து, சட்டம் நிறைய எடுங்கள். தானியங்கி கணிப்பு வெண்மையைச் சாம்பலாக்கிவிடும். உப்பு அம்பாரமும் இப்படித்தான் அழுக்காக வரும். வெளிச்சத்தை ஒரு படி கூட்டினால் சரியாகும். கேமராவில் அதற்குத் தனிச் சக்கரம் இருக்கிறதா, போனில் திரையைத் தொட்டு இழுத்தால் ஆகிறதா என்று பாருங்கள். அந்தக் கண்கூசும் வெயிலில் போன் திரையில் எதுவும் தெரியாமல் குத்துமதிப்பாக எடுக்கிறோம். கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் உள்ள கேமராவின் அருமை அங்கேதான் புரியும். உப்பளத்தில் தினமும் எடுக்கப் போகிறவருக்கு வியூஃபைண்டர் இல்லாத கேமராவை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

எடுத்த மூலக்கோப்புகளை வீட்டுக் கம்ப்யூட்டரில் முழு அளவில் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். முடிந்தால் இரண்டு படங்களை ஸ்டூடியோவில் 8 × 12 பிரிண்ட் போடுங்கள். முடிவு பெரும்பாலும் அப்போதே தெரிந்துவிடும்.

உப்பும் தண்ணீரும்

ஐபி68 என்று போட்டிருக்கும் போனைக் கடலில் முக்கலாம் என்று நினைக்காதீர்கள். அந்தச் சோதனை நடப்பது நல்ல தண்ணீரில். உப்புத் தண்ணீர் சார்ஜ் போடும் துளைக்குள் போனால் உலோகப் பல்லை அரிக்கும், தண்ணீர் சேதத்துக்கு வாரண்டியும் பொதுவாகக் கிடையாது. ஆரம்பநிலைக் கேமராக்களில் பெரும்பாலானவற்றுக்குத் தூசி, ஈரத் தடுப்பே கிடையாது. ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது கடற்கரையில் லென்ஸ் மாற்றினால் உப்பும் மணலும் நேரே சென்சாரில் போய் உட்காரும். ஆகவே கடல் பக்கம் அதிகம் போகிறவர் இரண்டு லென்ஸ் கிட்டை விட, 18–135 போன்ற ஒரே லென்ஸை மாட்டி அப்படியே வைத்திருப்பது மேல்.

வள்ளத்தில் போகும்போது போனை எஞ்சின் பக்கம் இரும்பில் கட்டி வீடியோ எடுக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. மோட்டார் சைக்கிள் எஞ்சினின் பலமான அதிர்வு போன் கேமராவின் நடுக்கத் தடுப்பைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் 2021-இல் எச்சரித்தது. வள்ளத்து எஞ்சினுக்கும் அதே எச்சரிக்கை பொருந்தும். போனைக் கையில் பிடித்து எடுங்கள்.

தூத்துக்குடிக் கடலில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. சங்கு குளிப்பவர்கள் இன்றும் இறங்குகிறார்கள். அவர்கள் உலகத்தைப் பதிவு செய்ய விரும்பும் இளைஞர்கள் பிளாஸ்டிக் உறைக்குள் போனைப் போட்டு முக்கிப் பார்க்கிறார்கள். தண்ணீருக்குள் தொடுதிரை விரலுக்குக் கட்டுப்படாது. உறை கிழிந்தால் போனும் போச்சு. சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு நிறம் மறைந்து எல்லாம் நீலப் பச்சையாகும். இதற்கென்றே உள்ள ஓ.எம். சிஸ்டம் டி.ஜி-7 போன்ற கேமரா உறையில்லாமலே 15 மீட்டர் வரை தாங்கும், பொத்தானால் இயங்கும், நீருக்குள் நிறத்தைச் சரிசெய்யும் வசதியும் உண்டு. கடலுக்கடியில்தான் உங்கள் ஆர்வம் என்றால் போன், மிரர்லெஸ் இரண்டையும் விட்டு இதை வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் கரையேறியதும் நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கழுவ வேண்டும்.

எந்தக் கேமரா வாங்கினாலும் காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் விலையோடு சேர்ந்த செலவு. ஈரப்பதம் 40–50 சதவீதத்தில் இருந்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்காது. பீரோவில் துணிகளுக்கு நடுவே தோல் பையில் வைத்த கேமராதான் முதலில் கெடும்.

கணக்கும் பில்லும்

போனுக்குப் பெட்டியில் உள்ளதோடு செலவு முடிகிறது. கேமராவுக்கு கார்டு, கூடுதல் பேட்டரி, பை, பிறகு இன்னொரு லென்ஸ் என்று நீளும். மொத்த பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்கை இவற்றுக்கு ஒதுக்கிவிட்டு, மீதிக்குள் பாடியும் லென்ஸும் தேடுங்கள். பதிலுக்கு, நல்ல லென்ஸ் பத்து வருஷம் கழித்தும் உழைக்கும். போனுக்கு மென்பொருள் அப்டேட் எத்தனை வருஷம் என்று கம்பெனி சொல்கிறதோ அதுவே அதன் ஆயுள். புதிதாக வாங்கினால் டி.எஸ்.எல்.ஆர். வேண்டாம், மிரர்லெஸ் எடுங்கள். கம்பெனிகள் புது லென்ஸ்களை அதற்குத்தான் செய்கின்றன.

உலகச் சந்தையில் 2010-இல் 12 கோடிக்கு மேல் விற்ற டிஜிட்டல் கேமரா 2023-இல் 80 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. மலிவான பாக்கெட் கேமராக்களை போன் விழுங்கிவிட்டது. ஆகவே ஐயாயிரம், ஆறாயிரத்துக்கு ஆன்லைனில் ‘48 மெகாபிக்சல் 4கே கேமரா’ என்று பெயர் தெரியாத கம்பெனி விற்றால் தொடாதீர்கள். அந்தப் பணத்துக்கு உங்கள் பழைய போனே மேல்.

பழைய கேமரா வாங்குவது நல்ல வழிதான். லென்ஸைக் கழற்றி ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலை போல் தெரிந்தால் பூஞ்சை, வேண்டாம். எஃப் 16-இல் வெறும் வானத்தை எடுத்தால் சென்சார் அழுக்கு கரும்புள்ளியாகத் தெரியும். ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்று கேளுங்கள். சாதாரண பாடிகளுக்கு ஒரு லட்சத்தைச் சுற்றி ஆயுள் சொல்வார்கள். திருகுகளைப் பாருங்கள். துரு இருந்தால் அது கடற்கரையில் புழங்கிய கேமரா; உள்ளேயும் துரு இருக்கும்.

பழைய போனுக்கு *#06# அடித்து ஐ.எம்.இ.ஐ. எண்ணை எடுத்து, கே.ஒய்.எம். என்று ஆங்கில எழுத்தில் அடித்து, இடம் விட்டு அந்த 15 இலக்க எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். திருட்டுப் போன் என்று முடக்கப்பட்டிருந்தால் பதிலில் தெரியும்.

புதுப் பொருளுக்கு ஜி.எஸ்.டி. பில் கட்டாயம் கேளுங்கள். போன், டிஜிட்டல் கேமரா இரண்டுக்கும் வரி 18 சதவீதம். ‘பில் இல்லாம குறைச்சுத் தாரேன்’ என்றால் பெரும்பாலும் அது இந்திய வாரண்டி இல்லாத சரக்கு. கேமராவின் சீரியல் எண், போனின் ஐ.எம்.இ.ஐ. இரண்டும் பெட்டியிலும் பொருளிலும் பில்லிலும் ஒன்றாக இருக்கிறதா என்று கவுன்ட்டரிலேயே நின்று ஒப்பிடுங்கள். பில்லில் எண் எழுதவில்லை என்றால் எழுதித் தரச் சொல்லி, அங்கேயே அதை ஒரு படம் எடுத்து உங்கள் மெயிலுக்கு அனுப்பிவிடுங்கள். போன் தொலைந்துபோனால் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அதை முடக்க அந்த எண்தான் வேண்டும்.